சீராக மின்னினால் பழுதில்லை

ஜெலாப்பாங், ஈப்போ
7.2.1988

அன்புள்ள அத்தானுக்கு,

மாதாவின் கருணையால் நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதாக நானே எண்ணிக்கொள்கிறேன். நவம்பருக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை கிடைத்தது. அதில் கையெழுத்து மட்டும் இருந்தது.

இந்தக் கடிதம் காரைப் பற்றியது. மீட்டர்களுக்கு நடுவில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு இருக்கிறதல்லவா, அது ஜனவரியிலிருந்து மூன்று முறை எரிந்துவிட்டது. மூன்று முறையும் பள்ளி விட்டு வரும்போதுதான். தோட்டத்திலிருந்து கிளம்பிச் சுங்கை சிப்புட் தாண்டும்வரை ஒன்றுமில்லை. சிம்மோர் வருவதற்கு முன்னால் விளக்கு எரியும். பிறகு எஞ்சின் இருமும். பின்னால் கரும்புகை வரும். போன வியாழக்கிழமை நடுரோட்டில் நின்றேவிட்டது. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். ஆறியதும் ஸ்டார்ட் ஆனது. விளக்கும் அணைந்திருந்தது.

தெருமுனைப் பட்டறையில் காட்டினேன். முதலாளி தவுக்கே பானட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். “இது கம்பியூட்டர் காடி, டீச்சர். கார்ப்பரேட்டர் இருந்தா நான் செய்வேன். இது நான் தொடமாட்டேன்லா. உங்க புருஷன் சிங்கப்பூர்ல காடி ரிப்பேர் பண்ற போமன் வேலைதானே பாக்கிறாரு, அவர கேளுங்க” என்றார். அதனால் உங்களைக் கேட்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பத்துமலை அண்ணன் தினமும் விடியற்காலையில் காரைத் துடைத்து வைக்கிறார். நீங்கள் சொல்லிவிட்டுப் போனீர்களாம். காரின் கடிகாரம் மட்டும் ஒரு நாளும் சரியான நேரம் காட்டுவதில்லை. அது போகட்டும், என் கையில் ஒன்று இருக்கிறது.

பள்ளியில் இந்த வருடம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நடுகிறார்கள். மாதம் இரண்டு குடும்பமாவது லாரியில் சாமான் ஏற்றுகிறது.

ஆறு மாதம் என்று சொல்லிப் போனீர்கள். இந்த மாதத்தோடு பத்தொன்பது ஆகிறது. குறை சொல்ல எழுதவில்லை. எண்ணிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

உங்கள் அன்பு மனைவி,
ரோசரி


சிங்கப்பூர்
16.2.1988

அன்புள்ள ரோசரிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. சீனப் பெருநாளுக்குப் பட்டறையை நாளை முதல் மூடுகிறார்கள். அதனால் உடனே எழுதுகிறேன். முன்பே எழுதாதது என் தப்பு.

பயப்படாதே. அந்தக் கார் ஏழு வருஷப் பழசு என்றாலும் மூளை உள்ள கார். எங்கே பழுது என்று அதுவே சொல்லும். கேட்கத் தெரிய வேண்டும். நான் சொல்கிறபடி செய்.

பானட்டைத் திற. பேட்டரி பக்கத்தில் மஞ்சள் ரப்பர் மூடி போட்ட சின்னப் பிளக் ஒன்று தனியாகத் தொங்கும். எதிலும் மாட்டியிருக்காது. மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஓட்டை. ஒரு துண்டு வயரை வளைத்து இரண்டிலும் செருகு. பிறகு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பு, ஆனால் ஸ்டார்ட் பண்ணாதே. மஞ்சள் விளக்கு மின்னும். கண்ணை எடுக்காமல் எண்ணு. இரண்டு முறை மின்னி, கொஞ்சம் நின்று, மூன்று முறை மின்னினால் இருபத்து மூன்று. ஒவ்வொரு எண்ணும் ஒரு பழுது. எண்ணே இல்லாமல், நடுவில் நிற்காமல், சீராக மின்னிக்கொண்டே இருந்தால் பழுதில்லை.

காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் செய். ராத்திரி முழுக்க ஆறியிருக்கும், கை சுடாது. முதல் நாள் வந்த பழுது மறுநாள் தெரியுமா என்று யோசிக்காதே. விளக்கு அணைந்தாலும், சாவியை எடுத்தாலும், வாரம் ஆனாலும் கம்பியூட்டர் மறக்காது.

எண்ணை எனக்கு எழுது. நான் பார்த்துச் சொல்கிறேன். யாரும் அதில் கை வைக்க விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அந்தோணிமுத்து


ஜெலாப்பாங்
6.3.1988

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் மூன்று பக்கம் இருந்தது. நீங்கள் போனதிலிருந்து வந்தவற்றில் அதுதான் பெரியது. பிளக்கையும் வயரையும் பற்றித்தான் என்றாலும் நான்கு முறை படித்தேன். “நேரத்துக்குச் சாப்பிடு” என்ற இடத்தில் ஐந்தாவது முறையும்.

பிப்ரவரி 26, வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்தது. சனிக்கிழமை காலை நீங்கள் சொன்னபடி செய்தேன். பிளக் இருந்தது, மஞ்சள் மூடியும் இருந்தது. நான் காருக்குள் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்துமலை அண்ணன் வீட்டு நல்லம்மாள் அக்கா பார்த்துவிட்டார். “என்னா டீச்சர், காடிக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கிறீங்களா?” என்று ஒரே சிரிப்பு.

விளக்கு சீராக மின்னியது. நடுவில் நிற்கவே இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன். அப்படியானால் பழுதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நிம்மதியாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை சிம்மோருக்கு முன்னால் மறுபடி விளக்கு, மறுபடி இருமல், மறுபடி புகை. இந்த முறை ஒரு பால் லாரிக்காரர் நிறுத்தி, “புருஷன் இல்லையா கூட?” என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன்.

மாலையில் இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் சத்தம் கேட்கும். நம் வீட்டில் ரேடியோ பேசுகிறது. செய்தி முடிந்ததும் அதையும் நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகம் திருத்துகிறேன். என்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் உங்களுக்குக் காரைப் பற்றி எழுதும்போதுதான் வருகிறது. அங்கே எங்கே சாப்பிடுகிறீர்கள், யாரோடு தங்கியிருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
ரோசரி


சிங்கப்பூர்
19.3.1988

அன்புள்ள ரோசரிக்கு,

சீராக மின்னியிருக்க முடியாது. எஞ்சின் நின்றது என்றால் கம்பியூட்டர் அதை எழுதி வைத்திருக்கும். நீ பார்க்கும்போது நடுவில் நின்றதைக் கவனிக்கவில்லையோ என்னவோ. இத்துடன் எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு, பதினான்கு, இருபத்தொன்று, இருபத்திரண்டு, முப்பத்தொன்று, நாற்பத்தொன்று. எதிரில் என்ன பழுது என்று தமிழில் போட்டிருக்கிறேன். அந்தத் தாளைக் காரிலேயே வை. விளக்கு எரிந்த மறுநாள் காலை மறுபடி பார்.

நீ கேட்டதற்குப் பதில்: ஓர் அறையில் ஆறு பேர். ஒருவர் பாரிட் புந்தார், ஒருவர் தஞ்சோங் மாலிம், மற்றவர்கள் ஜொகூர். சோறு கடையில்தான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போகிறேன். பூசை முடிந்ததும் எல்லாரும் குடும்பம் குடும்பமாக நின்று பேசுவார்கள். நான் பஸ்ஸைப் பிடித்து அறைக்கு வந்துவிடுவேன்.

ஜூலைக் கடைசியில் புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் திருவிழாவுக்கு லீவு கேட்கலாம் என்று இருக்கிறேன். கல்யாணமான வருஷம் நாம் ரயிலில் போனோம். இந்த முறை நம் காரிலேயே போகலாம். அதற்குள் அந்தப் பழுதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். தொண்ணூறு மைல் போகிற காரியம்.

அன்புடன்,
அந்தோணிமுத்து


ஜெலாப்பாங்
17.4.1988

அன்புள்ள அத்தானுக்கு,

உயிர்ப்பு ஞாயிறு நல்லபடியாகக் கழிந்தது. ஜூலை முப்பதாம் தேதி சனிக்கிழமை வருகிறது, முப்பத்தொன்று ஞாயிறு. சனிக்கிழமை காலையில் கிளம்பினால் மாலைத் தேர்ப் பவனிக்குப் போய்விடலாம். திங்கட்கிழமைக்கு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியர் காரணம் கேட்டார். என் வீட்டுக்காரர் வருகிறார் என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லி ரொம்ப நாளாயிற்று, எனக்கே புதிதாக இருந்தது. உங்களுக்கு இரண்டு சட்டைக்குத் துணி எடுத்திருக்கிறேன். பழைய அளவுதானா என்று எழுதுங்கள்.

கார் விஷயம். உங்கள் தாள் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. இந்த ஒரு மாதத்தில் நான்கு முறை விளக்கு எரிந்தது. நான்கு முறையும் மறுநாள் காலையில், பள்ளிக்குக் கிளம்பும் முன் பார்த்தேன். தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்: மார்ச் 25, மார்ச் 30, ஏப்ரல் 12, ஏப்ரல் 15. நான்கு முறையும் சீராகத்தான் மின்னியது. கடைசி முறை நல்லம்மாள் அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். “நிக்கவே இல்லையே டீச்சர், அது பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருக்கே” என்றார். இரண்டு பேர் கண்ணும் ஒரே மாதிரி தப்பாகப் பார்க்குமா?

அந்தச் சிம்மோர் வளைவு வரும்போதெல்லாம் இப்போது வேகத்தைக் குறைத்து ஓரமாகவே ஓட்டுகிறேன். ஆனாலும் திருவிழாவுக்கு உங்களோடு போவதால் கவலையில்லை. வழியில் நின்றாலும் நீங்கள் இருப்பீர்கள்.

உங்கள் அன்பு மனைவி,
ரோசரி


சிங்கப்பூர்
7.5.1988

ரோசரிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் யோசித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் இங்கே பெரிய போமன் ராஜுவிடம் கேட்டேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எல்லார் முன்னாலும் சிரித்தான். “காடியில ஒண்ணும் இல்ல மச்சான். வூட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் வார்னிங் லைட்டு எரியுது. போயி பாத்துட்டு வா லா” என்றான். பட்டறையே சிரித்தது.

நானும் அதைத்தான் யோசிக்கிறேன். கம்பியூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. பழுது வந்திருந்தால் எண் காட்டியே தீரும். ஐந்து முறை பார்த்து ஐந்து முறையும் எண் இல்லை என்றால் விளக்கு எரியவே இல்லை என்றுதான் அர்த்தம்.

நான் வரவேண்டும் என்பதற்காக நீ காரை வைத்து எழுதுகிறாய் என்றால் அப்படி எழுதத் தேவையில்லை. எதுவானாலும் நேராக எழுது. நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. உனக்காக ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

லீவு இன்னும் கேட்கவில்லை.

அந்தோணிமுத்து


ஜெலாப்பாங்
5.6.1988

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. படித்த அன்றே பதில் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இப்போது நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மே 24, செவ்வாய்க்கிழமை. விளக்கு எரிந்து, எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். இருட்டத் தொடங்கிய நேரத்தில், பரீட்சைத் தாள்களைக் காரிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து போனேன். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியவில்லை. பத்துமலை அண்ணன் பானட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உள்ள லைட்டு எரியலையே?”

“எப்படி எரியும் டீச்சர்? பட்டரி வயர கழட்டிட்டேன்ல.”

“ஏன் கழட்டினீங்க?”

“தெனம் கழட்டுறதுதானே. காலையில அஞ்சரைக்கு மாட்டிடுவேன். நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள.”

“தெனமுமா? எப்பலேர்ந்து?”

“உங்க வூட்டுக்காரரு பஸ் ஏறுன அன்னிலேர்ந்து. சாவியக் குடுத்து, காடிய பாத்துக்கண்ணேன்னு சொல்லிட்டுல்ல போனாரு. நான் இருபத்தாறு வருசம் தோட்டத்து லோரி ஓட்டுனவன். சாயங்காலம் பட்டரி வயர கழட்டி, அத ஆபீசுல கணக்கெழுதுற கிராணியார் கையில குடுத்துட்டுத்தான் வூட்டுக்குப் போகணும். இல்லாட்டிப் பயலுவ லோரிய எடுத்துக்கிட்டு டவுனுக்குப் படம் பாக்கப் போயிடுவானுங்க. ஒரு நாள் மறந்ததில்ல டீச்சர். மழை பேஞ்சாலும் வந்துருவேன்.”

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நன்றி அண்ணே என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு வந்தேன். நான் இருட்டிய பிறகு எங்கும் போவதில்லை. அதனால்தான் இருபத்திரண்டு மாதம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

மறுநாளே சிம்மோருக்கு முன்னால் விளக்கு எரிந்தது. காரை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வயரைச் செருகினேன். இரண்டு முறை மின்னியது. நின்றது. இரண்டு முறை மின்னியது. பத்து முறை பார்த்தேன், பத்து முறையும் இருபத்திரண்டு. உங்கள் தாளில் ‘தண்ணீர்ச் சூடு அளக்கும் சென்சார் அல்லது அதன் வயர்’ என்று இருக்கிறது.

கார் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இது இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியும் என்று உங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வாரம் யோசித்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வாரத்தில் யார்மேல் சந்தேகப்படுவது என்று முடிவெடுத்தீர்கள்.

நேராக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஜூலை முப்பதாம் தேதி வருகிறீர்களா, இல்லையா?

ரோசரி


சிங்கப்பூர்
18.6.1988

அன்புள்ள ரோசரிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பேட்டரி வயரைக் கழற்றினால் கம்பியூட்டரின் ஞாபகம் எல்லாம் அழிந்துபோகும். அதனால்தான் காலையில் ஒன்றுமே இல்லாதது போல மின்னியிருக்கிறது. கடிகாரம் சரியான நேரம் காட்டுவதில்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது. பத்துமலை அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதே.

இருபத்திரண்டு என்பது சுலபமான பழுது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எஞ்சினோடு சேரும் இடத்தைப் பார். அங்கே பச்சைப் பிளக் ஒன்று இருக்கும், இரண்டு வயர் போகும். சென்சார் கெட்டிருக்காது என்று நினைக்கிறேன். பிளக்கிலிருந்து வயரைத் தடவிக்கொண்டே வா. ஒரு சாண் தள்ளிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். அது நான் சுற்றியது. சிங்கப்பூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஹோஸ் மாற்றும்போது அந்த வயர் அறுந்துவிட்டது. ஈயம் வைத்துப் பற்றியிருக்க வேண்டும். பெட்டி கட்டும் அவசரத்தில் வெறுமனே முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். எஞ்சின் சூடேறும்போது அந்த முறுக்கு இளகுகிறது. அப்போது எஞ்சின் குளிர்ந்திருப்பதாகக் கம்பியூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலை அதிகமாக ஊற்றுகிறது. கரும்புகை அதுதான்.

டேப்பைப் பிரி. இரண்டு முனையையும் அரை அங்குலம் வெட்டு. செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை சுரண்டு. முறுக்கி, ஈயம் வைத்துப் பற்று. வயர் சுடும்வரை காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே ஈயம் உருக வேண்டும். ஈயத்தை மட்டும் உருக்கி மேலே சொட்டவிட்டால் பிடிக்காது. பிறகு ரப்பர் குழாயை ஏற்றி, பக்கத்துக் குழாயில் படாமல் கட்டிவிடு. வேலை முடிந்ததும் ஒரு முறை பேட்டரி வயரைக் கழற்றி மாட்டு. அதன்பிறகு யாரும் கழற்றக் கூடாது.

படம் போட்டிருக்கிறேன், பின்பக்கம் பார். அளவு சரியாக இருக்காது, இடம் சரியாக இருக்கும். சந்தேகம் இருந்தால் உடனே எழுது.

அன்புடன்,
அந்தோணிமுத்து


ஜெலாப்பாங்
14.8.1988

அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் படமும் கிடைத்தன. படத்தையும் சேர்த்து நான்கு பக்கம். நான் கேட்ட கேள்விக்கு ஒரு பக்கத்திலும் பதில் இல்லை. அது கண்ணில் படாமல் போயிருக்காது. என் கடிதத்தின் கடைசி வரியே அதுதான்.

ரேடியோ பழுது பார்க்கும் சதாசிவத்திடம் ஈயம் பற்றும் சூட்டுக்கோலை வாங்கி வந்தேன். தான் வந்து பற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று நானே செய்தேன். டேப் இருந்த இடத்தில் இருந்தது. உள்ளே செம்பு பச்சையாகிக் கிடந்தது. முதல் முறை ஈயம் பிடிக்கவில்லை. இரண்டாவது முறை பிடித்தது. ஜூலை 9 முதல் இன்றுவரை விளக்கு எரியவில்லை. அண்ணனிடம் இனி வயரைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது மாலையில் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

திருவிழாவுக்குப் போய் வந்தேன். அண்ணனும் நல்லம்மாள் அக்காவும் கூட வந்தார்கள். அக்காவுக்கு அன்னம்மாளிடம் ஒரு நேர்த்திக்கடன் இருந்ததாம். காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாக இருந்தோம். சிங்கப்பூர் பஸ் ஈப்போ வந்து, அங்கிருந்து ஓர் ஆள் ஜெலாப்பாங் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, பத்தரை வரைக்கும் நான் வீட்டுக்குள் ஏதாவது தேடிக்கொண்டிருந்தேன். அக்காவும் வாரிய தலையைப் பிரித்து மறுபடி வாரிக்கொண்டார். பத்தரைக்கு மேல் அண்ணன்தான், “போலாமா டீச்சர், வெயில் ஏறுது” என்றார்.

தைப்பிங் தாண்டி, வயல் தொடங்கிய பிறகு பயம் போய்விட்டது. மொத்தம் நூற்று எண்பது மைல். போகும்போதும் வரும்போதும் நான்தான் ஓட்டினேன்.

இங்கே பள்ளியில் இருபத்தெட்டுப் பிள்ளைகள்தான் மிச்சம். வருகிற ஜனவரி முதல் பாரிட் புந்தார் தமிழ்ப் பள்ளிக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. டிசம்பர் முதல் வாரம் இந்த வீட்டைக் காலி செய்கிறேன். உங்கள் சாமான்களை ஒரு பெட்டியில் கட்டி அண்ணன் வீட்டில் வைத்துவிடுவேன்.

காரின் பதிவு அட்டை, அந்தக் கிராண்ட், உங்கள் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றும் பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். பழுது பார்க்கச் சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி. அதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

ரோசரி


சிங்கப்பூர்
4.9.1988

அன்புள்ள ரோசரிக்கு,

பாரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கார் உன்னுடையதுதான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இரண்டு வருஷம் போய்விட்டது. நான் இங்கே போமன் இல்லை. ஈயச் சுரங்கங்கள் மூடி, நான் வேலை பார்த்த பட்டறையும் மூடியபோது, சிங்கப்பூரில் போமன் வேலை கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். இங்கே வருகிற கார் எல்லாம் கம்பியூட்டர் கார். எனக்குக் கார்ப்பரேட்டர்தான் தெரியும். முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எஞ்சின் சாமான் கழுவுகிறேன். கார் துடைக்கிறேன். தரையைக் கூட்டுகிறேன்.

உனக்கு எழுதிய ஒவ்வொரு எண்ணும், ஒவ்வொரு வயரும், அவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் ஆபீஸில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஒரு பக்கத்துக்கே ஒரு நாள் போய்விடும். ஒரு தரம் ராஜு பார்த்துவிட்டு, “தொடைக்கிறவனுக்கு எதுக்குடா புக்கு?” என்று கேட்டான். படம் பார்த்தேன் என்றேன். உனக்குப் பதில் எழுதும்போது மட்டும் நான் போமனாக இருந்தேன். அதனால்தான் காரைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினேன். நீ ஐந்து முறை ஒன்றுமில்லை என்று எழுதியபோது, என்னைச் சோதிக்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.

ஜூலைக்கு லீவு கிடைத்திருக்கும். துடைக்கிறவனுக்கு லீவு கொடுப்பதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? தெருவில் நாலு பேர் வந்து காரைக் காட்டி இது என்ன பழுது என்று கேட்பார்களே என்றுதான் வரவில்லை. எழுதிப் பார்க்கும்போது இது ஒரு காரணமாகவே தெரியவில்லை. ஆனால் இதுதான் காரணம்.

துடைக்கிறவன் பரவாயில்லை என்று நீ ஒரு வரி எழுதினால் வருகிறேன்.

உன் கணவன்,
அந்தோணிமுத்து


சிங்கப்பூர்
22.1.1989

அன்புள்ள ரோசரிக்கு,

வீட்டு விலாசம் தெரியாததால் பள்ளிக்கு எழுதுகிறேன். என்னோடு தங்கியிருக்கும் பாரிட் புந்தார் நண்பர்தான் பள்ளியின் பெயரைச் சரியாகச் சொன்னார்.

என் செப்டம்பர் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பாரம் கிடைத்து, பெயரும் மாறிவிட்டதாகப் பத்துமலை அண்ணன் சொன்னார். நான் ஜெலாப்பாங் போயிருந்தேன். டிசம்பர் 24. நீ காலி செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நம் வீட்டில் வேறு குடும்பம். முன்பக்கம் அவர்கள் மோட்டார் சைக்கிள் நின்றது.

அண்ணன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்லம்மாள் அக்கா சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு அண்ணனிடம் உன் விலாசத்தைக் கேட்டேன். “டீச்சர கேட்டுட்டுத்தான் தருவேன் தம்பி, கோவிச்சுக்காத” என்றார். நான் அவரிடம், என்னண்ணே, உங்களை நம்பித்தானே விட்டுவிட்டுப் போனேன் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“காடிய பாத்துக்கன்னு சொன்னே. ரெண்டு வருசம் பாத்துக்கிட்டேன். அவங்கள பாத்துக்கன்னு ஒரு வார்த்த சொல்லலியே தம்பி நீ” என்றார்.

உண்மைதான். யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

தெருமுனைத் தவுக்கே என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டறையில் ஒரு கம்பியூட்டர் கார் கிடக்கிறது, பார்க்கிறாயா என்று கேட்டார். சாமான் கழுவுகிறவன் என்று அவரிடம் சொன்னேன். அதனாலென்ன, இங்கேயும் கழுவ ஆள் வேண்டியிருக்கிறது என்றார். இதற்குத்தான் இரண்டரை வருஷம் பயந்திருக்கிறேன்.

பெட்டிக்குள் இரண்டு சட்டை இருந்தது. தைத்து, தேய்த்து வைத்திருந்தாய். அளவு சரியாக இருக்கிறது.

மார்ச் மாதம் இங்கே வேலையை விட்டுவிட்டு ஜெலாப்பாங் தவுக்கேயிடம் சேரப் போகிறேன். உன்னைக் கூப்பிட எழுதவில்லை. நான் எங்கே இருப்பேன் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான். நீ பதில் எழுத வேண்டியதில்லை. உறையின் பின்னால் இந்த அறை விலாசத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறேன். மார்ச்சுக்குள் இந்தக் கடிதம் திரும்பி வராவிட்டால் உன் கைக்குக் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வேன்.

அந்தோணிமுத்து